பெருவுக்குப் புறப்படும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் விசாரிப்பது பெருவைப் பற்றித்தான். பெரும்பாலும் மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்காக. டிக்கெட் போடுவதற்கு முன்பும், போட்ட பிறகு பதற்றத்திலும் அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் அப்படி.

நாட்டைப் பற்றி முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

உயரத்தை. பெரு தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு பெரியது. மக்கள்தொகையோ தமிழ்நாட்டின் பாதிக்கும் குறைவு, சுமார் 3.4 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு பேர் தலைநகர் லிமாவிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பயணத்தைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் அல்ல, மீட்டர்.

கடலோரம், மலை, காடு என்று நாட்டை மூன்றாகப் பிரித்துத்தான் அந்த ஊர்க்காரர்களே பேசுவார்கள். கடலோரம் முழுக்கப் பாலைவனம். நடுவில் ஆண்டிஸ் மலைத்தொடர். மலையைத் தாண்டினால் அமேசான் காடு, நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் அதுதான். லிமாவில் கடற்கரையிலிருந்து கிளம்பி மத்திய நெடுஞ்சாலையில் சுமார் 130 கி.மீ. போனால் 4,818 மீட்டர் உயரத்தில் திக்லியோ கணவாய் வந்துவிடும். ஊட்டி எவ்வளவு உயரம்? சுமார் 2,240 மீட்டர். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும், எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது, என்ன துணி எடுப்பது, எதைச் சாப்பிடுவது எல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

லிமா சென்னை மாதிரி வெயில் ஊர்தானே?

வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி, லிமா தெற்கே 12 டிகிரி. இரண்டும் கடலோரம். ஆனால் லிமாவின் கரையை ஒட்டி ஹம்போல்ட் நீரோட்டம் என்ற குளிர்ந்த நீர் ஓடுகிறது. அதனால் ஜூன் முதல் அக்டோபர் வரை ஊரின் மேல் சாம்பல் நிறப் போர்வை போட்டதுபோல் மேகம். வெப்பநிலை 15, 18 டிகிரிக்குள் நிற்கும், ஈரக்காற்று எலும்புக்குள் இறங்கும். இத்தனை மேகம் இருந்தும் மழை கிடையாது. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தேறினால் அதிகம். 'கருவா' என்று ஒரு தூறல் உண்டு, குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று நாம் யோசிப்பதற்குள் நின்றுவிடும். வெயில் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை போக வேண்டும்.

அந்தக் குளிர்ந்த கடல் சில வருஷங்களில் சூடாகிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்படி நடப்பதைக் கண்ட பெரு மீனவர்கள்தான் அதற்குக் குழந்தை இயேசுவை நினைத்து 'எல் நினோ' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பருவமழை பொய்க்கும்போதெல்லாம் செய்தியில் வருகிறதே, அதே எல் நினோ. 1876–78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்கு மழை பொய்த்ததன் பின்னணியிலும் அதன் கை உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அப்படியானால் எந்த மாதம் போவது?

மலைப் பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை. பகலில் வெயில், இரவில் நடுக்கம், மழை அபூர்வம். ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெரியும். ஜூன் 24 அன்று மலை நகரமான குஸ்கோவில் இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா. ஜூலை 28, 29 சுதந்திர தின விடுமுறை (1821 ஜூலை 28 அன்று விடுதலைப் படைத்தலைவர் சான் மார்த்தின் லிமாவில் விடுதலையை அறிவித்தார்). அந்த வாரம் பஸ், விமானம், ஓட்டல் எல்லாம் தீபாவளி நேரத்துக் கோயம்பேடுதான். என்னைக் கேட்டால் மே மாதம். மழை முடிந்து மலை பச்சையாக இருக்கும், விலையும் ஏறியிருக்காது.

விசா எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பொதுவாக விசா தேவை. டெல்லியில் பெரு தூதரகம் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) இவற்றில் ஏதாவது ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும்படி கையில் இருந்தால், அல்லது அந்த நாடுகளில் வசிக்கும் உரிமை இருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா வேண்டாம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கிடையாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு உண்டு. விதிகள் மாறும், ஆகவே பணம் கட்டும் முன் தூதரகத்திடம் ஒரு முறை உறுதிசெய்துவிடுங்கள்.

நேரடி விமானம் இல்லை. மாட்ரிட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகலாம். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பாவிலும் சில விமான நிலையங்களில் இந்தியர்களுக்கு இடைநில்லல் விசா கேட்பார்கள். மலிவாக இருக்கிறதே என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்புறம் இதைத் தேடாதீர்கள். நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம். அவர்கள் காலைக் காபி குடிக்கும்போது நம் வீட்டில் இரவுச் சாப்பாடு நடக்கும்.

கடவுச்சீட்டில் எனக்குக் குடும்பப் பெயரே இல்லை. பிரச்சினை வருமா?

நல்ல கேள்வி, தமிழர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. கல்யாணத்தால் பெண்களின் பெயர் மாறுவதில்லை. ஆகவே எந்தப் படிவத்திலும் இரண்டு கட்டம் காத்துக்கொண்டிருக்கும். இனிஷியலோடு வாழ்ந்தவர்களுக்கு அது தலைவலிதான். விமானம், ரயில், மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ள அதே பெயர், அதே எழுத்து, அதே வரிசையில் இருக்கட்டும். மச்சு பிச்சு வாசலில் அசல் கடவுச்சீட்டை வாங்கிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டே ஆக வேண்டுமா?

பெருவுக்குள் நுழைய யாரும் கேட்க மாட்டார்கள். சிக்கல் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா பெருவையும் வைத்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து நேராக வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். லிமாவை மட்டும் பார்த்தேன், காட்டுப் பக்கமே போகவில்லை என்ற வாதம் விமான நிலையத்தில் எடுபடாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் மதிப்பு, தனியார் மருத்துவமனைச் சீட்டு உதவாது. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

குஸ்கோ உயரத்தில் மூச்சுத் திணறும் என்கிறார்களே?

குஸ்கோ 3,400 மீட்டர். கடல்மட்டத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். லிமாவிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். உடம்புக்கு அது தெரியாது. தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை, படி ஏறினால் இளைப்பு. இதற்கு அங்கே 'சொரோச்சே' என்று பெயர். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு, பயண ஏற்பாட்டாளர்கள் பலர் சொல்வதில்லை. குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் வண்டி பிடித்துப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பா, ஒய்யாந்தாய்தாம்போ எல்லாம் 2,800 மீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டு இரவு. பிறகு மச்சு பிச்சு, அது இன்னும் கீழே, 2,430 மீட்டர்தான். கடைசியில் குஸ்கோவுக்கு ஏறுங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். டிட்டிகாக்கா ஏரி (3,812 மீட்டர்), 5,000 மீட்டரைத் தாண்டும் வானவில் மலை எல்லாம் அதற்கும் அப்புறம். முதல் இரண்டு நாள் மது வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். இதய, நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ சமாளித்துப் பார்க்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும்.

கோக்கா இலைத் தேநீர் குடிக்கலாமா?

ஓட்டல் வரவேற்பறையிலேயே வைத்திருப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, ஆண்டிஸ் மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக மெல்லும் இலை. லேசாகக் கசக்கும், பச்சைத் தேயிலை வாசனை. ஒரு கோப்பையில் போதை எதுவும் ஏறாது. ஆனால் அலுவலகத்தில் போதைப்பொருள் பரிசோதனை இருப்பவர்கள் தொடாமல் இருப்பது நல்லது, சிறுநீரில் காட்டிக்கொடுக்கும். இலையையோ தேநீர்ப் பையையோ நினைவுப்பொருள் என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் அது குற்றம்.

ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சுற்றுலா ஓட்டல்களில் முடியும். பஸ் நிலையம், சந்தை, மருந்துக்கடையில் திண்டாட்டம். ஒரு மாதம் தினமும் அரை மணி ஒதுக்கினாலே நிறையப் பலன் இருக்கும், காரணம் தமிழருக்கு அந்த உச்சரிப்பு எளிது. எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். இரட்டை எல் வந்தால் 'ய', ஜே வந்தால் 'ஹ', ஹெச் வந்தால் ஊமை. 'n' எழுத்தின் மேல் ஒரு நெளிகோடு இருந்தால் நம் 'ஞ'. ஆங்கிலேயர்கள் மல்லுக்கட்டும் 'செஞோரா' நமக்கு நாக்கில் தானாக வரும். தவிர, பெருவின், முக்கியமாக லிமாவின் ஸ்பானிஷ் நிதானமானது, வார்த்தையை விழுங்க மாட்டார்கள். பக்கத்து நாடான சிலேயில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே காது திறந்ததுபோல் இருக்கிறது என்பார்கள்.

எண்கள், கிழமைகள், 'குவாந்தோ குவெஸ்தா' (எவ்வளவு), 'தோந்தே எஸ்தா எல் பாஞோ' (கழிப்பறை எங்கே), 'லா குவெந்தா, பொர் ஃபவோர்' (பில் கொடுங்கள்) இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். இலக்கணம் அப்புறம்.

'அஹோரித்தா' என்றால் அகராதிப்படி 'இப்போதே'. பஸ் எப்போது வரும் என்று கேட்டு அந்தப் பதில் கிடைத்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

எல்லோரும் ஸ்பானிஷ்தானா?

இல்லை. அமேசான் மொழிகளையும் சேர்த்துப் பெருவில் 48 பூர்வகுடி மொழிகள் உண்டு. பெரியது கெச்சுவா, ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே பேரரசு நடத்திய இன்காக்கள் ஆண்ட மொழி. 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 14 சதவீதம் பேர் அதைத் தாய்மொழி என்று சொன்னார்கள். டிட்டிகாக்கா பக்கம் அய்மாரா. 1975இலேயே கெச்சுவாவை ஆட்சிமொழியாக அறிவித்தார்கள். ஆனாலும் கெச்சுவா பேசினால் மட்டமாகப் பார்ப்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் விட்ட பெற்றோர் ஏராளம். இப்போது இளைஞர்கள் அதில் ராப் பாடுகிறார்கள். தமிழருக்கு ஒரு கொசுறுத் தகவல்: நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதுபோல் கெச்சுவாவும் பிரிக்கிறது, நம்மைப்போலவே வேர்ச்சொல்லில் விகுதியின் மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகிறது. ஸ்பானிஷுக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

மக்களிடம் எப்படிப் பழகுவது? மரியாதை விஷயத்தில் கறாரா?

கறார்தான், ஆனால் நமக்குப் பழகிய கறார். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் அங்கேயும் உண்டு. பெரியவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் 'உஸ்தெத்' என்றே பேசுங்கள். அதைவிட முக்கியம், வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்குப் போகக் கூடாது. கடைக்குள் நுழைந்ததும் 'புவெனோஸ் தியாஸ்', மதியத்துக்கு மேல் 'புவெனாஸ் தார்தேஸ்'. அதைச் சொல்லிவிட்டு விலை கேட்டால் முகம் ஒன்று, சொல்லாமல் கேட்டால் முகம் வேறு. சாப்பாட்டுக்கடையில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகும்போது உங்களைப் பார்த்து 'ப்ரொவேச்சோ' என்பார், நல்லாச் சாப்பிடுங்க என்பதுபோல. 'கிராசியாஸ்' என்றால் போதும். அறிமுகமானவர்களில் பெண்களுக்கிடையிலும் ஆண்-பெண் இடையிலும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம் சகஜம். சங்கடமாக இருந்தால் கையை முன்கூட்டியே நீட்டிவிடுங்கள்.

சந்தையில்தான் இந்த ஊர் அழகு. குஸ்கோவில் சான் பெத்ரோ சந்தைக்கோ லிமாவில் சுர்கீயோ சந்தைக்கோ போய் ஒரு ஓரமாக நில்லுங்கள். காய் விற்கும் அம்மாவை வாங்க வருபவர் 'கசேரித்தா' என்று கூப்பிடுவார், அந்த அம்மாவும் வாடிக்கையாளரை அதையே சொல்லிக் கூப்பிடுவார். பழச்சாறுக் கடையில் ஒரு கிளாஸ் குடித்து முடித்ததும் மிக்ஸியில் மிச்சமிருப்பதை மறுபடி ஊற்றுவார்கள். அதுதான் 'யாப்பா', நம் கொசுறு. கேட்டு வாங்குவது உரிமை, கேட்காவிட்டால் அவர்களுக்கே வருத்தம். ஐந்து சோல் (பெருவின் நாணயம்) பொருளை ஒரு சோலுக்குக் கேட்கும் பேரம் மட்டும் வேண்டாம். கொஞ்சம் குறைப்பார்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உடல் தோற்றத்தை வைத்துக் கூப்பிடுவது அங்கே செல்லம். ஒல்லி, குண்டு, கறுப்பு, சீனன் எல்லாம் நேரடியாகச் சொல்வார்கள். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் இந்தியர் என்றதும் 'இந்து' என்பார்கள், அவர்கள் பேச்சில் அது நாட்டைத்தான் குறிக்கிறது. கோபப்பட ஒன்றுமில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் பிழைத்துக்கொள்வார்களா?

பிழைக்கலாம், ஆனால் வாயைத் திறந்து விளக்கமாகச் சொல்ல வேண்டும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும், ஏனென்றால் அவர்கள் கணக்கில் கார்னே என்றால் மாட்டிறைச்சி. 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' என்று மாடு, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அப்படியும் சூப் பெரும்பாலும் எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான். லிமாவிலும் குஸ்கோவிலும் ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் நடத்தும் 'கோவிந்தா' சைவ உணவகங்கள் உண்டு.

சந்தோஷமான செய்தி: சோறு எல்லா வேளையும் கிடைக்கும், பூண்டு தாளித்து உதிரியாக. அதே தட்டில் உருளைக்கிழங்கும் இருக்கும், இரண்டும் மாவாயிற்றே என்றெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. உருளை பிறந்த பூமி ஆயிற்றே. 3,000க்கும் மேல் ரகங்கள், ஊதா, மஞ்சள், விரல் மாதிரி நீளம், கூம்பு மாதிரி முடிச்சு. உலக உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையமே 1971 முதல் லிமாவில்தான் இருக்கிறது. மலைக்காரர்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் காயவிட்டு, மிதித்துச் சாறு எடுத்து 'சூஞோ' செய்கிறார்கள். நம் வடகம், வற்றல் மாதிரி வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். திங்கட்கிழமை பருப்பு சமைத்தால் காசு சேரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அன்று எந்த மெஸ்ஸுக்குப் போனாலும் மைசூர்ப்பருப்புக் குடும்பத்தைச் சேர்ந்த பயறும் சோறும் இருக்கும். மேலே வைக்கும் கறித்துண்டுக்குப் பதில் முட்டை கேட்டால் தருவார்கள். சோளக்கதிரும் பாலாடைக்கட்டியும் தெருவிலேயே கிடைக்கும், ஒவ்வொரு மணியும் நம் சோளமணியைப்போல் இரண்டு மடங்கு. சீதாப்பழத்தின் சொந்தக்காரி சிரிமோயாவை விட்டுவிடாதீர்கள்.

காரம் இருக்குமா?

மிளகாய் நமக்கு வந்ததே தென், மத்திய அமெரிக்காவிலிருந்துதான். ஆனால் நம் அளவுக்கு அவர்கள் போடுவதில்லை. 'ஆஹி அமரீயோ' என்ற மஞ்சள் மிளகாய் வாசனைக்கு, நிறத்துக்கு, காரம் மிதம். 'ரொகோத்தோ' வேறு ஜாதி. பார்க்கத் தக்காளி மாதிரி குண்டாக இருக்கும், உள்ளே கறுப்பு விதை, ஆந்திரக்காரருக்கே கண்ணீர் வரும். மேசையில் சின்னக் கிண்ணத்தில் அரைத்து வைத்திருப்பார்கள். ஊறுகாய் பாட்டில் தேவைப்படாது.

அசைவக்காரர்கள் எதைத் தவறவிடக் கூடாது?

செவிச்சே. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றிலும் மிளகாயிலும் புரட்டி, வெங்காயம் தூவி, பக்கத்தில் சர்க்கரைவள்ளித் துண்டும் சோளமும் வைத்துத் தருவார்கள். 2023இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபில் சேர்த்தது. அதை மதியத்தில்தான் சாப்பிட வேண்டும். காலையில் பிடித்த மீன் என்பது கணக்கு, நல்ல செவிச்சே கடைகள் சாயங்காலமே கதவைச் சாத்திவிடும். இரவு பத்து மணிக்குச் சுற்றுலாத் தெருவில் கிடைக்கும் செவிச்சேயை நான் தொட மாட்டேன்.

தெருவுக்குத் தெரு சீன உணவகம் இருப்பதைப் பார்ப்பீர்கள், 'சீஃபா' என்று பெயர். 1849 முதல் கரும்புத் தோட்டத்துக்கும் கடற்பறவை எரு வெட்டவும் ஒப்பந்தக் கூலிகளாகச் சீனர்களைக் கொண்டுவந்தார்கள். நம்மவர்களை மொரிசியசுக்கும் மலாயாவுக்கும் கப்பலேற்றிய அதே காலம். 1899இல் ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் சமையல்தான் இன்றைய பெருச் சமையலில் பாதி. நாடே விரும்பிச் சாப்பிடும் 'லோமோ சல்தாதோ'கூட சோயா சாஸ் ஊற்றிக் கடாயில் வதக்கிய மாட்டிறைச்சி. ஓட்டல் வாசல் பலகையில் 'மெனூ' என்று இருந்தால் அது பட்டியல் அல்ல, மதிய முழுச்சாப்பாடு: ஒரு சூப், ஒரு முக்கிய உணவு, ஒரு பானம். சாதாரணக் கடையில் 10–15 சோல். கினிப்பன்றி வறுவல் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆமாம், சாப்பிடுவார்கள், முழுசாகத் தட்டில் வரும். விசேஷ நாள் உணவு அது, கேலி செய்யாதீர்கள்.

பணம்?

நாணயம் சோல். ஒரு சோல் ஏறக்குறைய 25 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். டாலர் எடுத்துப் போனால் புத்தம் புதிதாக இருக்கட்டும், ஓரம் கிழிந்த தாளை வாங்க மாட்டார்கள். 100, 200 சோல் தாளைச் சின்னக் கடையில் நீட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், கள்ளநோட்டுப் பயம். உள்ளூர்க்காரர்கள் இளநீர் வண்டியில்கூட 'யாப்பே' என்ற செயலியில் க்யூ.ஆர். காட்டிக் கொடுப்பார்கள், ஆனால் அதற்கு உள்ளூர்க் கணக்கு வேண்டும். நம் யு.பி.ஐ. போன்ற ஒன்றை அமைக்க 2024இல் பெரு மத்திய வங்கி யு.பி.ஐ.யை நடத்தும் இந்தியாவின் என்.பி.சி.ஐ. அமைப்போடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஓட்டலில் தங்கும்போது கடவுச்சீட்டைக் காட்டுங்கள்; வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 18 சதவீத வரி தள்ளுபடி உண்டு.

லிமா ஆபத்தான ஊரா? எப்படிச் சுற்றுவது?

செல்போன் பறிப்பு நிஜம். சாலையோரம் நின்று வரைபடம் பார்க்காதீர்கள், காரில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போன் பேசாதீர்கள். மிராஃப்ளோரஸ், பர்ராங்கோ போன்ற பகுதிகளில் இரவு நடக்கலாம், மற்ற இடங்களில் யாரையாவது கேட்டுவிட்டுச் செல்லுங்கள். டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது. தெருவில் கைகாட்டி நிறுத்துவதைவிடச் செயலியில் அழைப்பதே மேல்.

பஸ்களில் வாசலில் தொங்கிக்கொண்டு 'சூபே, சூபே' என்று ஏறச் சொல்லிக் கத்தும் கண்டக்டரைப் பார்த்தால் நம் மினி பஸ் ஞாபகம் வரும். சின்ன ஊர்களில் மூன்று சக்கர 'மோத்தோதாக்ஸி', பலதும் பஜாஜ்தான். சாலையே போகாத அமேசான் நகரம் இகீத்தோஸில் அதன் இரைச்சலில் காது அடைக்கும்.

மச்சு பிச்சுவுக்கு எப்போது டிக்கெட் எடுப்பது?

விமானச் சீட்டு எடுத்த மறுநாள். தினசரி ஆள்வரம்பு உண்டு, நேரம் குறித்த சீட்டு. உள்ளே சுற்றும் பாதையும் சீட்டிலேயே முடிவாகிவிடும். படத்தில் பார்க்கிறோமே, அந்தக் காட்சி எல்லாப் பாதையிலும் வராது, வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். கலாசார அமைச்சகத்தின் தளத்திலேயே வாங்கலாம். அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தஸுக்குக் கார்ச் சாலை இல்லை. ஒய்யாந்தாய்தாம்போவிலிருந்து அந்த ஊருக்கு ரயில், அங்கிருந்து மேலே அரை மணி பஸ். ரயிலில் பெரிய பெட்டிக்கு அனுமதியில்லை, ஓட்டலில் வைத்துவிட்டுத் தோள்பையோடு போங்கள். நடந்தே போகும் நான்கு நாள் இன்கா பாதைக்கு வழிகாட்டி, சுமைதூக்குவோர் உட்பட நாளுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் மூடிவிடுவார்கள்.

பெருவின் வரலாறு என்றால் இன்காதானே?

இதைத்தான் கொஞ்சம் மாற்றிக்கொண்டு போக வேண்டும். இன்காப் பேரரசு விரிந்து பரவியது பச்சாகூத்தெக் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில். 1532இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ வந்துவிட்டார். மொத்தம் நூறு வருஷக் கதை. லிமாவுக்கு வடக்கே காரல் நகரம் ஏறக்குறைய 5,000 வருஷப் பழமை, சிந்துவெளிக்குச் சமகாலம். வடக்குக் கடலோரத்தில் மோச்சே மக்கள் ஆண்டார்கள். அவர்களின் தலைவர் ஒருவரின் கல்லறையை 1987இல் வால்ட்டர் ஆல்வா குழுவினர் சிபானில் கண்டெடுத்தார்கள். லம்பாயெக்கே அருங்காட்சியகத்தில் அந்தத் தலைவரின் கழுத்தணியைப் பாருங்கள்: பாதித் தங்கம், பாதி வெள்ளி, ஒவ்வொரு மணியும் வேர்க்கடலை வடிவம். ஓட்டின் வரிப்பள்ளம்வரை செதுக்கியிருக்கிறார்கள். நாம் பொரித்துக் கொறிக்கும் கடலை அங்கே அரசனோடு புதைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வானவில் மலையை விட்டுவிட்டு இங்கே போங்கள் என்பது என் கட்சி.

குஸ்கோவில் சாந்தோ தொமிங்கோ ஆலயத்துக்கு அடியில் இன்காக்களின் சூரியக் கோயில் சுவர் இருக்கிறது. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தியது. 1950 நிலநடுக்கத்தில் மேலே ஸ்பானியர்கள் கட்டியது பெருமளவு இடிந்தது, கீழே இருந்த சுவர் அசையவில்லை.

எதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது?

1980 முதல் 2000 வரை அரசுப் படைகளுக்கும் 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிசக் குழுவுக்கும் இடையில் நடந்த வன்முறையில் சுமார் 69,000 பேர் இறந்திருக்கலாம், காணாமல் போயிருக்கலாம் என்று 2003இல் உண்மை ஆணையம் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா அல்லது வேறு பூர்வகுடி மொழி பேசியவர்கள். ஐம்பது வயது தாண்டிய மலைக்காரர் யாரிடமும் அந்தக் காலத்தைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். லிமாவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் நினைவக அருங்காட்சியகத்துக்கு, 'லூம்' என்பார்கள், போய் வந்தால் நிறையப் புரியும். ஈழத்திலிருந்து வருபவர்களுக்கு அந்தச் சுவரிலுள்ள காணாமல்போனோர் படங்களைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இலேசான விஷயம் ஒன்று: பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயம் சிலே நாட்டுடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1879இல் தொடங்கிய போரில் சிலேயிடம் நிலம் இழந்த காயம் அதற்குள் இருக்கிறது.

அரசியல் கொந்தளிப்பு என்று செய்தியில் வருகிறதே?

2016க்கும் 2025க்கும் இடையில் ஏழு பேர் அதிபராகப் பதவியேற்றார்கள். 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் மூன்று அதிபர்கள். ஊர் மக்கள் இதற்குச் சலித்துப்போய்விட்டார்கள், பயணிக்கு நேரடி ஆபத்து குறைவு. தொல்லை சாலை மறியலில்தான். 'பாரோ' (வேலைநிறுத்தம்) என்ற சொல் காதில் விழுந்தால் பஸ் ஓடாது, சில சமயம் மச்சு பிச்சு ரயிலும் நிற்கும். 2023 ஜனவரியில் மச்சு பிச்சுவையே மூடினார்கள். ஆகவே லிமாவிலிருந்து வீடு திரும்பும் விமானத்துக்கு முதல் நாள்வரை மலையில் இருக்காதீர்கள். இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

வரும், சின்னதாக அடிக்கடி. கட்டடங்களுக்குள் பச்சை வெள்ளையில் பெரிய 'எஸ்' எழுத்துப் போட்ட பலகை இருக்கும், அதுதான் பாதுகாப்பான இடம். அறைக்குள் போனதும் அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பலமாக ஆடினால் உடனே மேட்டுக்கு.

வேறு சில்லறை விஷயங்கள்?

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. கழிப்பறையில் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும், உள்ளே போட்டால் அடைக்கும். குவளையும் இருக்காது, பைப்பும் இருக்காது. ஒரு காலி பாட்டில் பையில் இருக்கட்டும். மின்சாரம் 220 வோல்ட். நம் செல்போன் சார்ஜரின் உருண்டை இரட்டை முள் பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. குஸ்கோ தெருவில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் பெண்களைப் படம் எடுத்தால் காசு கொடுக்க வேண்டும், எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். தெருவில் மலிவாகக் கிடைக்கும் 'குட்டி அல்பாக்கா' (ஒட்டகக் குடும்பத்து மலை விலங்கின் கம்பளி) சால்வை பெரும்பாலும் செயற்கை நூல். நிஜ அல்பாக்கா கையில் எடுத்தால் குளிர்ச்சியாக வழுக்கும், விலையும் கையைக் கடிக்கும். அம்மாவுக்கு ஒன்று வாங்குவதென்றால் தெற்கு நகரமான அரெகிப்பாவின் கடைகளில் வாங்குங்கள், ரசீதோடு.